அந்த வருஷத்துக் குதிரை

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் வேலையை விட்டுவிட்டுப் பீங்கான் சாமான் செய்யப் போவதாகச் சொன்ன அன்று, நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்து நெருப்பே அணைந்துவிட்டது. பால் பொங்கினால் நல்ல சகுனம் என்றார் அவர். அடுப்பைத் துடைத்து மெழுகியவள் நான் என்பதால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அது முப்பதுகளின் நடுப்பகுதி. தென்காசியில் பெரிய கோயிலுக்குத் தெற்கே எங்கள் வீடு. அவர் சென்னைப் பட்டணம் போய்ச் சித்திரம் படித்தவர். படித்த இடத்தில் பக்கத்துக் கூடத்தில் யாரோ சக்கரத்தில் மண்ணை வைத்துக் கிண்ணம் எழுப்புவதைப் பார்த்திருக்கிறார். அன்றோடு சித்திரத்தில் அவருக்கு மனசு ஒட்டவில்லை. கல்யாணமான புதிதில் எங்கள் உறவுக்காரர் வீடுகளுக்கு விருந்துக்குப் போவோம். பாயசக் கிண்ணத்தைக் கையில் வாங்கியதும் அதன் அடிப்பாகம் எப்படி இருக்கிறது என்று கவிழ்த்துப் பார்ப்பார். பாயசம் உள்ளே இருக்கிறது என்பது நினைவுக்கு வருவதற்குள் பட்டுப்புடவை பாழாகிவிடும். இரண்டு மூன்று விருந்துக்குப் பிறகு நான் எட்ட உட்காரப் பழகிக்கொண்டேன்.

கோபம் எனக்குச் சீக்கிரம் வரும். அதை மறைக்கவும் தெரியாது. ஆனாலும் இடுப்பில் துண்டோடு, முழங்கை வரை சேறோடு, சுழலும் மண்ணுக்குள் இரண்டு கட்டைவிரலையும் இறக்கி அவர் ஒரு ஜாடியை நிமிர்த்துவதை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதர் அதற்காகவே பிறந்தவர் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அவர் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

தொழிலுக்கு இடம் கொடுத்தவர் என் அப்பா. குற்றாலம் போகும் பாதையில், சிற்றாற்றங்கரை ஓரம் அவருக்கு ஒரு ஓட்டுக் கொட்டகை இருந்தது. அப்பா நிலபுலன் உள்ளவர், அதிகம் பேசமாட்டார், பேசினால் மாற்றமாட்டார். "அடுத்த சாரல் முடியுத வரைக்கும் வச்சிக்கிடுங்க மாப்ளே. அதுக்கப்பொறம் அங்கன நான் பத்தாயம் போடணும்" என்றார். பத்தாயம் என்றால் நெல் கொட்டி வைக்கும் மரப்பெட்டி, ஒரு அறை அளவுக்கு இருக்கும். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரிடமும் பேசி, அதுவரை டிராயிங் மாஸ்டர் இடத்தில் வேறு ஆளை நிரந்தரமாகப் போடாமல் பார்த்துக்கொண்டார். மருமகன் ஒரு வருஷம் சேற்றில் புரண்டுவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுவார் என்பது அவர் கணக்கு.

சாரல் காலம் என்று அப்பா சொன்னதற்குக் காரணம் உண்டு. வருஷா வருஷம் ஆனி ஆடியில் குற்றாலத்துக்கு அருவியில் குளிக்க ஊர்ப்பட்ட கூட்டம் வரும். அந்தச் சமயத்தில் ஒரு பெரிய பங்களாவில் கைத்தொழில் பொருட்காட்சி நடக்கும். சென்னையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். ஓட்டலுக்கு, கடைக்கு என்று வருஷம் முழுவதற்கும் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒருவராவது இவருக்கு ஆர்டர் கொடுத்தால் கொட்டகை இவருடையது என்பது அப்பாவோடு பேச்சு. யாரும் கொடுக்காவிட்டால் மறுபடியும் சாக்பீஸ். எங்கள் வீட்டில் அந்த வருஷம் முழுக்க வேறு பேச்சே கிடையாது.

கொட்டகையில் அவர் தனியாள் இல்லை. வீரகேரளம்புதூர்ப் பக்கத்துக்காரர் ஒரு வேளார், பரம்பரையாகப் பானை வனைபவர், அவரோடு கூட்டாளியாகச் சேர்ந்திருந்தார். பானை வனைவதோடு, சுரண்டைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஊரில் ஐயனார் கோயில் வருஷத் திருவிழாப் பூசையும் அவருக்குத்தான். இருவருக்கும் ஒரே வயசு. காலையில் ஆரம்பித்தால் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்வார்கள். சூளைக்குப் புளியங்கட்டை நல்லதா பனைமட்டை நல்லதா என்பதில் ஒரு மாசம் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தார்கள். கடைசியில் இரண்டையும் வைத்து எரித்தார்கள்.

பானைக்குக் கண்ணாடிப் பளபளப்பு ஏற்றுவதுதான் பெரிய பாடு. பட்டணத்தில் அதற்கு மருந்து விற்கும் என்றார். பட்டணத்து மருந்துக்கு எங்கே போவது? உடைந்த கண்ணாடி வளையலை உரலில் போட்டு நான் இடித்தேன். மாவாக்கி, சாம்பலும் சோற்றுக் கஞ்சியும் கலந்து பூசிச் சூளையில் வைத்தால், வெந்து உருகிப் பானைமேல் பரவிக்கொள்ளும். பச்சை நிறம் வேண்டுமென்றால் செம்புக் களிம்பைச் சுரண்டிப் போட வேண்டும். என் வீட்டுச் செம்புப் பாத்திரங்கள் அந்த வருஷம் புளி போட்டுத் துலக்கப்படவே இல்லை. களிம்பு சேரட்டும் என்று அவரே ஒளித்து வைப்பார்.

வளையல் சேர்ப்பதும் லேசான காரியம் அல்ல. உடைந்த வளையலை இன்னொருத்தி கையில் கொடுக்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? தெருவில் நான் போய்க் கேட்டபோது கதவைச் சாத்தியவர்களும் உண்டு. அப்புறம் வெந்து வந்த அகல்விளக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதன் விளிம்பில் ஒரு மயில்நீலம் ஓடியிருந்தது. இது உங்கள் மகள் வளையல் என்றேன். அதற்குப் பிறகு வாசலில் பொட்டலம் பொட்டலமாக வந்து விழுந்தது.

ஒவ்வொரு சூளையிலும் ஒரு ஓரத்தை அவர் ஊருக்கென்று விட்டுவிடுவார். யார் எதைச் செய்து கொண்டுவந்தாலும் சும்மா வைத்துச் சுட்டுக் கொடுப்பார். மாதாகோயில் தெருப் பெண்கள் மெழுகுவர்த்தி வைக்கும் தட்டுச் செய்து வந்தார்கள். அத்தர் கடைக்காரர் ஒரு குப்பி செய்தார், அது நிற்காமல் சாய்ந்தது, சாய்ந்தபடியே சுட்டுக் கொடுத்தோம். பிள்ளைகளின் யானைகளுக்கு எப்போதும் ஒரு கால் குறையும். இந்த ஓரத்தில் நம்முடைய ஜாடி நாலு வைக்கலாமே என்று நான் சண்டை போடுவேன். அவர் தலையை ஆட்டுவார், மறுசூளையிலும் அதே ஓரம் ஊருக்குப் போகும். எனக்கு எரிச்சல்தான். ஆனால் சூளை பிரிக்கும் அன்று அத்தனை பேரும் வாசலில் காத்து நிற்பதையும், அவரவர் சாமானைப் பிள்ளையை வாங்குவதுபோல் வாங்குவதையும் பார்க்கும்போது, இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதில் எனக்கு வந்த கர்வத்தை மறைக்க நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

அவரிடம் இன்னொரு கிறுக்கு இருந்தது. எந்த ஊர்க்காரரைப் பார்த்தாலும் உங்கள் குளத்து மண் ஒரு பிடி கொண்டுவாருங்கள் என்று கேட்பார். பஸ்காரர், பால்காரர், குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் எல்லாரும் துண்டில் முடிந்து மண் கொண்டுவருவார்கள். அதை விரலில் தேய்த்து, முகர்ந்து, பல்லில்கூட வைத்துப் பார்ப்பார். நல்ல மண்ணாக இருந்தால் ஊறல் குழியில் சேர்ப்பார். கொண்டுவந்தவருக்குக் காப்பி உண்டு. ஊரில் பாதிப் பேர் அந்தக் காப்பிக்காகவே மண் தோண்டினார்கள் என்பது என் அபிப்பிராயம்.

விபரீதம் அந்தக் கிறுக்கிலிருந்துதான் வந்தது.

சித்திரை மாசம். தங்கை வளைகாப்புக்காக நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வேளார் விறகு வாங்கப் போயிருந்தார். கொட்டகையில் இவர் மட்டும். அப்போது சில பேர் வந்திருக்கிறார்கள். ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், நடுவில் வாழையிலையில் ஒரு பிடி கரிய மண். வந்தவர்களில் முன்னால் நின்றவர், "வேளாரே, எங்க ஊரு மண்ணு, வாங்கிக்கிடுங்க" என்று நீட்டினாராம். சேறும் துண்டுமாக இருந்த இவரைத்தான் அவர் வேளார் என்று நினைத்திருக்கிறார். இவருக்கோ, தன்னை யாராவது வேளார் என்று கூப்பிட்டால் பட்டம் கொடுத்த மாதிரி. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெற்றிலை பாக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. மரியாதை தெரிந்த ஊர் என்று எடுத்துக்கொண்டார். எல்லாருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு மண்ணைத் தேய்த்துப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி இருந்திருக்கிறது. பொருட்காட்சிக்கென்று ஊறப்போட்டிருந்த பெரிய குழியில் அந்த ஒரு பிடியையும் கரைத்துவிட்டார். நான் திரும்பி வந்ததும் தேங்காயைச் சட்னி அரைக்கச் சொன்னார். யாரோ கொடுத்தார்கள் என்றார், நானும் அரைத்தேன்.

அந்தக் குழி மண்ணில்தான் எல்லாம் செய்தோம். சித்திரை, வைகாசி வெயில் போனால் இந்தப் பக்கம் எதுவும் காயாது. ஆனி பிறந்துவிட்டால் மலையிலிருந்து சாரல் இறங்கி, கொடியில் போட்ட துணியே மூன்றாம் நாளும் ஈரமாகக் கிடக்கும். அதனால் அந்த வெயிலுக்குள் வனைந்து, உலர்த்தி, பூசி, சுட்டு முடித்தாக வேண்டும். ஊறுகாய் ஜாடிகள், பூச்சாடிகள், தட்டுகள், காது வைத்த கோப்பைகள். கோப்பைகளைப் போல் அழகாக அவர் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. வெளியே வைக்கோல் நிறம், உள்ளே குளத்துத் தண்ணீர்ப் பச்சை. கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. இவ்வளவு நாள் இவரைத் திட்டியதற்கெல்லாம் சேர்த்து ஒரு நாள் நன்றாகச் சமைத்துப் போட்டேன்.

வேளார்தான் அந்த மாசங்களில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வேலையில் குறைவில்லை, பேச்சு இல்லை. மறுபடியும் விறகுச் சண்டையோ என்று நினைத்து நாங்கள் கேட்கவில்லை.

ஆனி மாசம், முதல் சாரல் விழுந்து சில நாள் இருக்கும். பொருட்காட்சிக்குச் சாமான்களை வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தோம். சித்திரையில் வந்த அதே ஆட்கள் குடைபிடித்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவர் அந்த ஊர் நாட்டாமை. அதுவரை வெளியூரில் இருந்தவர், அவர் அப்பா இறந்து பொறுப்புக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, வேளாரை நேரில் பார்த்ததில்லை. குதிரை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வேளார் திரும்பியே பார்க்காமல், "பிடிமண்ண யாருக்குக் குடுத்தியளோ அவுகளப் போயிக் கேளுங்க" என்றார்.

"இந்தா நிக்காவளே, இவுக கையிலதான் குடுத்தேன்" என்று நாட்டாமை என் வீட்டுக்காரரைக் காட்டினார்.

விஷயம் இதுதான். அது வேளார் பூசை வைக்கும் ஊர்தான். ஆடியில் அந்த ஊர் ஐயனாருக்குக் கொடை, அதாவது கோயில் திருவிழா. கொடைக்கு ஆள் உயர மண்குதிரை செய்து சுமந்துபோய் நிறுத்துவார்கள். அதற்குச் சித்திரையில் ஊரார் தங்கள் குளத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வேளார் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் பிடிமண். அந்தப் பிடியைச் சேர்த்துப் பிசைந்தால்தான் அது ஊர்க்குதிரை, இல்லாவிட்டால் வெறும் பொம்மை. ஊர் தன்னை ஒதுக்கிவிட்டு வேறு யாருக்கோ பிடிமண் கொடுத்துவிட்டது என்று வேளார் இரண்டு மாசமாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறார். கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று கேட்கவில்லை. நாட்டாமையோடு வந்தவர்களோ, கூட்டாளி வேளாருக்காக வாங்குகிறார் என்று இருந்துவிட்டார்கள். அந்த மண் அவர் காலடிக் குழியிலேயே கிடந்தது, அவரே தினமும் மிதித்துப் பிசைந்திருக்கிறார்.

என் வீட்டுக்காரர் ஊறல் குழியைத் திரும்பிப் பார்த்தார். "அந்தக் கறுப்பு மண்ணா?" என்று கேட்டார்.

கூரையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. புதிதாகக் குதிரை செய்வதற்கு வழியில்லை. அந்தப் பருமனுக்கு ஒரு குதிரை காயவே மாசக்கணக்காகும், அதுவும் வெயிலில். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தேங்காய்ச் சட்னி நினைவு வேறு வந்து தொலைத்தது.

அன்று சாயங்காலமே என் அப்பாவுக்குச் சேதி போய் அவர் வந்துவிட்டார். அவர் சொன்ன யோசனை நடைமுறைக்கு ஏற்றதுதான். வேறு ஊரில் யாரிடமாவது செய்து வைத்த குதிரை கிடைக்கும், வாங்கிக் கொடுத்துவிட்டு விஷயத்தை முடியுங்கள், ஒரு பிடி மண் எங்கே போயிற்று என்று யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். நானும் அதையே சொன்னேன். சொன்னேன் என்ன, கத்தினேன்.

என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. ஒரு கோப்பையை எடுத்து வைக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் வேளாரையும் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனார். நாட்டாமை வீட்டு முற்றத்தில் ஊர்க்காரர்கள் கூடியிருந்தார்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தப் பிடி ஒரே குழியில் கரைந்தது, அந்தக் குழியில் செய்தவை இத்தனையும் என்று சொல்லிவிட்டு, "அந்த மண்ணு எதுல எல்லாம் இருக்கோ அது அம்புட்டும் ஒங்க சாமிக்குத்தான். எனக்கு அதுல பாத்தியத இல்ல" என்றார்.

ஒரு வருஷத்து உழைப்பு. பொருட்காட்சியில் விற்க ஒரு சாமான் மிச்சமில்லை. ஆர்டர் இல்லை, கொட்டகை இல்லை. இந்த மனிதர் தன் கழுத்தைத் தானே நீட்டிவிட்டு அமைதியாக நிற்கிறார். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்தது கோபமா மரியாதையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். கோப்பையும் ஜாடியும் சாமிக்கு எதற்கு என்றார் ஒருவர். வேளார்தான் பேசினார். மண் குதிரையாகத்தான் போக வேண்டும் என்று சாமி சொன்னதில்லை, நாம் கொடுத்த மண் நம்மிடம் திரும்பி வந்தால் போதும் என்றார். முதல் வருஷமே தன் கையால் தப்பு நடந்துவிட்டதே என்ற கவலை நாட்டாமைக்கு. கடைசியில், "அப்பொ இதுதான் இந்த வருசத்துக் குதிரை" என்றார்.

பொருட்காட்சிக்குக் கொண்டுபோகலாமா என்று இவர் அனுமதி கேட்டார். சாமி சாமானை நாலு பேர் பார்த்தால் நல்லதுதானே என்று ஊர் சம்மதித்தது. விற்கக்கூடாது, கொடைக்கு முன்னால் ஒன்று குறையாமல் வந்துசேர வேண்டும்.

ஆகவே குற்றாலத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். மேக மூடாக்கு, ஊசிச் சாரல், பாதையெல்லாம் குளித்த தலையோடு ஜனங்கள். பங்களாவின் கூடத்தில் எங்களுக்கு ஒரு மூலை கொடுத்திருந்தார்கள். சன்னல் வெளிச்சம் விழும்படி அவர் கோப்பைகளை அடுக்கினார். முதல் நாளே கூட்டம் அங்கேதான் நின்றது. எண்ணெய் தேய்க்கும் தொழிலாளிகள் அருவியிலிருந்து நேரே வந்து, எண்ணெய்க் கையோடு தொடலாமா என்று கேட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எண்ணெய் பட்டால் பச்சை இன்னும் துலங்குகிறது என்று அவர்களில் ஒருவர் சொன்னார். அது உண்மைதான். பெரிய மனிதர் வீட்டுப் பெண்கள் ஜாடிகளைத் தடவிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். அவர் எதற்கும் அலட்டிக்கொள்ளாமல், கேட்ட எல்லாருக்கும் வளையல் இடிக்கும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "இடிக்கிறது இவள்தான்" என்று ஒவ்வொரு முறையும் என்னைக் காட்டினார். பொருட்காட்சிக்காரர்கள் அவருக்குச் சபையில் சால்வை போர்த்தினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, அழுதேன் என்றே சொல்லலாம்.

நாங்கள் காத்திருந்த ஆள் மூன்றாம் நாள் வந்தார். சென்னையில் ஓட்டல்களுக்குச் சாமான் கொடுக்கும் வியாபாரி. கோப்பை ஒன்றை எடுத்துச் சுண்டிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் போலவே. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன், பிடித்துப்போனால் வருஷம் முழுக்க வாங்குகிறேன் என்றார். இவை விற்றுப்போய்விட்டன, மழை போனதும் புதிதாகச் செய்து தருகிறேன் என்றார் இவர். அவருக்குச் சரக்கு இந்த வாரமே ரயிலேற வேண்டும். யாருக்கு விற்றீர்கள், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார்.

"ஐயனாருக்கு" என்றார் இவர்.

வியாபாரி சிரித்தார். பரிகாசம் செய்கிறாரோ என்று என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு வேறு வழி இருந்ததா? அவர் அடுத்த மூலைக்குப் போய்ப் பாய் வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

பொருட்காட்சி முடிந்தது, ஒரு ஆர்டரும் இல்லை. தலைமையாசிரியர் அப்பாவுக்கு ஆள் அனுப்பிவிட்டார், திங்கட்கிழமை வேலையில் சேருகிறாரா இல்லையா என்று. என் வீட்டுக்காரர் தன் கறுப்புக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில்லாத கொடியில் போட்டார். கொடைக்குப் போய்விட்டு வந்து சேருவதாகப் பேச்சு.

கொடை அன்று வண்டிகளை ஊர் எல்லையில் நிறுத்தினார்கள். குதிரையைச் சுமப்பதற்கென்று உள்ள ஆட்கள் எப்போதும்போல் குளித்துத் துண்டு கட்டி வந்திருந்தார்கள். சுமப்பதற்குக் குதிரை இல்லை. ஆளுக்கொரு ஜாடியைத் தலையில் வைத்தார்கள். மிச்சத்தைப் பெண்களும் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டார்கள். கையில் ஒரு கோப்பையோ தட்டோ இல்லாத ஆள் அந்த ஊரில் அன்று இல்லை. கொட்டு முழங்க, வரப்பு வழியாக அந்த வரிசை ஐயனார் கோயில் தோப்புக்கு நடந்தது. என் வீட்டுக்காரர் வெறுங்கையோடு கடைசியில் நடந்து வந்தார். எந்தச் சபையிலும் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

பூசை முடிந்து பானக்காரம் கொடுக்கும் நேரம். வெல்லத்தைக் கரைத்துச் சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டது, அண்டா நிறைய இருந்தது. வழக்கமாக ஊரார் அவரவர் செம்பில் வாங்குவார்கள். ஊருக்கு வெளியே குடியிருப்பவர்கள் தோப்பின் ஓரத்தில் நிற்பார்கள். அவர்களுக்குப் பனையோலைப் பட்டையில் எட்ட நின்று ஊற்றுவார்கள். அன்று சாமி முன்னால் கோப்பைகள் இருந்தன. சாமிக்கு வந்ததை முதல் நாளே சும்மா வைக்கக்கூடாது என்றார் வேளார், பூசாரி என்ற முறையில். அவரே கோப்பையில் மொண்டு நாட்டாமைக்குக் கொடுத்தார், அப்புறம் வரிசையாக. குடித்த கோப்பைகள் தண்ணீர்த் தொட்டியில் முங்கி முங்கி வந்தன. தோப்பின் ஓரம் வந்ததும் ஓலைப்பட்டையை ஒருவர் எடுத்து நீட்டினார். வேளார் அதை வாங்காமல் கோப்பையிலேயே மொண்டார். மண் பாத்திரம் எச்சிலைக் குடித்துவிடும், ஒருத்தர் வாய் வைத்ததை இன்னொருத்தர் தொடக்கூடாது என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார்.

"இது சாமி ஏனம். இதுல எச்சில் எங்கன ஒட்டும்?" என்றார் வேளார். அந்தப் பெரியவரும் இன்னும் சிலரும் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்கள். நாட்டாமை அவர்களைத் தடுக்கவும் இல்லை, வேளாரைத் தடுக்கவும் இல்லை.

என் அப்பா அப்போதுதான் வில்வண்டியிலிருந்து இறங்கி வந்து நின்றார். மருமகனைக் கையோடு அழைத்துப்போக வந்தவர். ஓரத்தில் நின்ற ஒரு கிழவி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, உள்ளே இருந்த பச்சையைப் பார்த்துப் பார்த்துக் குடிப்பதை அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். அவள் குடித்து முடித்து நீட்டினாள். வேளார் அதைத் தொட்டியில் முக்கி எடுத்து, மறுபடி மொண்டு, அதே கோப்பையை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா ஆயுளில் எந்த வீட்டிலும் எந்த ஏனத்திலும் வாய் வைத்துக் குடித்தவர் அல்ல. தன் வீட்டு வெள்ளிச் செம்பிலேயே அண்ணாந்துதான் குடிப்பார். அவர் என் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கோப்பையை வாங்கி அண்ணாந்தார். வாய் அகன்ற கோப்பை, பானக்காரம் மோவாயில் வழிந்து சட்டையில் சிந்தியது. கோப்பையை இறக்கி அதன் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். பிறகு அதில் வாய் வைத்துக் குடித்தார், கடைசிச் சொட்டு வரைக்கும்.

"பத்தாயத்த நான் வேற எங்கனயாவது போட்டுக்கிடுதேன் மாப்ளே" என்றார். சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று வேளாரிடம் கோப்பையை நீட்டினார்.